நாட்டுக்கு யார் சோறு போடுவது

என் கல்யாணப் பேச்சு ஒரு சட்டைப் பொத்தானில் முறிந்தது. பொத்தான் என்னைப் பெண் கேட்டு வந்த இறால்காரருடையது. பிய்த்தது என்னைப் பெற்ற அப்பா. இதில் நான் செய்த பாவம் எதுவுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போகக் கோபத்தில் மறந்தாலும் மறந்துவிடுவேன்.

அப்பா சட்டைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக விரித்து, இரும்பு வலைக் கையுறையை மாட்டிக்கொண்டு, மெஷின் கத்தியால் ஒரே இழுப்பில் நூறு சட்டைக்கு முதுகு வெட்டுவார். அந்த நீள மேசைக்கு முன்னால் அவர் நிற்பதைப் பார்த்தால், நாட்டையே பங்கு போட்டுக் கொடுப்பது இவர்தானோ என்று தோன்றும். அவருக்கும் அப்படித்தான் தோன்றும், அதுதான் வம்பு. "நாம வெட்டலைன்னா வெளிநாட்டுக்காரன் வெறும் உடம்போடதான் ஆபீஸ் போகணும்" என்பார். நானும் அதே கம்பெனிதான், காலர் செக்கிங். காலரின் இரண்டு முனைகளும் ஒரே நீளம்தானா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, இல்லையென்றால் சிவப்பு அம்பு ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். நாள் முழுக்க ஊரான் கழுத்தைப் பற்றியே யோசிக்கிறவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் இல்லாமல் வேறு எங்கே இருக்கும்?

அம்மா வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறாள். சமையல், துணி துவைப்பது, தேய்ப்பது, அந்த வீட்டுப் பெரியவரைக் குளிப்பாட்டுவது எல்லாம் அவள்தான். அதனால் எங்கள் வீட்டில் அம்மா என்றால் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த செல்போன். சாப்பிடும்போதும் இருப்பாள், சண்டை போடும்போதும் இருப்பாள். முக்கியமான இடம் வரும்போது மட்டும் சிக்னல் அவளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும்.

மாப்பிள்ளை என் தேர்வு. டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். காலையில் எங்கள் கம்பெனியிலிருந்து சட்டைப் பெட்டிகள், சாயங்காலம் இறால் கம்பெனியிலிருந்து குளிர்பெட்டி, இரண்டையும் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். முதல் தடவை லோடு ஏற்ற வந்தபோதே, "உங்க காலர்ல வலது முனை நீளம், இதை நான் பாஸ் பண்ண மாட்டேன்" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். மனுஷன் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த லோடுக்கு வரும்போது வலது முனையை உள்ளே மடக்கி ஊக்கு குத்திக்கொண்டு வந்து, "இப்ப பாஸா?" என்று நின்றார். இவரைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்வதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அவர் முடிவு செய்யக் கொஞ்சம் நாளாயிற்று. லாரிக்காரர்கள் எதையும் நிதானமாகத்தான் திருப்புவார்கள்.

அவருக்கு அம்மா இல்லை. அப்பா மட்டும்தான். இறால் கம்பெனியில் தரம் பிரிக்கிற பிரிவுக்கு மேஸ்திரி. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, ஐஸ் தண்ணீரில் கைவிட்டு, இறாலைப் பார்த்த மாத்திரத்தில் கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்று சொல்லிவிடுவாராம். நாட்டையே தாங்கிப் பிடிப்பது இறால்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. இப்படிப்பட்ட இருவரை ஒரே அறையில் உட்கார வைத்தோம். எங்கள் புத்தியை என்ன சொல்ல?

வந்தார்கள். எங்கள் முன்னறையில் நாலு நாற்காலி போட்டால் கதவைத் திறக்க முடியாது, அதனால் கதவைத் திறந்துவைத்துவிட்டு நாற்காலி போட்டோம். டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தேன். இறால்காரர் பேசிக்கொண்டே தட்டில் இருந்த பிஸ்கட்டைப் பெரியது, நடுத்தரம், உடைசல் என்று மூன்று வரிசையாகப் பிரித்துவிட்டார். பிரித்தது அவருக்கே தெரியாது. பெரிய வரிசையைத் தொடவில்லை, உடைசலை மட்டும் எடுத்துச் சாப்பிட்டார். ஆயுள் முழுக்கப் பெரியதை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பழகிய கை.

அதுவரை எல்லாம் சரி. அப்புறம் அப்பாவின் கண் இறால்காரரின் சட்டையில் விழுந்தது. வயிற்றுக்கு நேரே இருந்த பொத்தானில் ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டைக் கம்பெனி ஆட்களுக்கு இது ஒரு வியாதி. தொங்குகிற நூலைப் பார்த்துவிட்டால் சாவு வீடானாலும் கை சும்மா இருக்காது. ஆனால் தைக்கிறவர்களுக்கு ஒன்று தெரியும்: பொத்தான் மெஷின் சங்கிலித் தையல் போடும், அதன் வால்நூலை நறுக்க வேண்டுமே தவிர இழுக்கக்கூடாது. அப்பா வெட்டுகிற ஆள். தையல் பக்கம் தலைவைத்துப் படுத்தவரில்லை.

"ஒரு நிமிஷம் சார்" என்று எழுந்துபோய் இழுத்தார். சர்ரென்று நூல் முழுதும் வந்தது. பொத்தான் டீயில் விழுந்தது. இறால்காரரின் வயிறு எங்கள் எல்லோரையும் எட்டிப் பார்த்தது.

"தையல் சரியில்ல" என்றார் அப்பா, நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி. மன்னிப்புக் கேட்க வேண்டிய நேரத்தில் அறிக்கை வாசிக்கிற மனுஷன் அவர்.

"தையல் உங்க ஆளுங்க தைச்சதுதானே" என்றார் இறால்காரர், சட்டையை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு. "துணி வெளிநாட்டுலேர்ந்து வருது. நூல் அங்கேர்ந்து வருது. இந்தப் பொத்தானும் அங்கேர்ந்துதான் வருது. நடுவுல நீங்க ஊசியைக் குத்தித் திருப்பி அனுப்புறீங்க. வர்ற பணத்துல முக்கால்வாசி வந்த வழியே போயிடுது. இதுக்குப் பேரு ஏற்றுமதியா? எங்க இறாலு நம்ம தண்ணியில பொறந்து நம்ம தண்ணியில வளர்ந்தது. நாட்டுக்குச் சோறு போடுறது அதுதான்!"

அப்பா ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். "நோய் வந்து உங்க இறால் குளமெல்லாம் காய்ஞ்சு கிடந்துதே, அப்ப நாடு யாரால ஓடிச்சு? எங்க ஒரு கம்பெனியில எத்தனை பொண்ணுங்க வேலை பார்க்குறாங்க தெரியுமா? அத்தனை வீட்லயும் அடுப்பு எரியுது சார். நாட்டுக்குச் சோறு போடுறது சட்டை!"

"ஏங்க, கல்யாணத்தைப் பத்திப் பேசுங்க" என்றது சர்க்கரை டப்பா பக்கமிருந்து அம்மாவின் குரல்.

"நீ சும்மா இரு. இது நாட்டு விஷயம்" என்றார் அப்பா.

என் மாப்பிள்ளை பாவம், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் டயர் வெடித்திருக்கும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "வர்ற வெள்ளிக்கிழமை வர்த்தக மந்திரி வருஷக் கணக்குச் சொல்லப் போறாரு. நாட்டுக்கு வெளிநாட்டுப் பணம் யாரால அதிகமா வருதுன்னு டிவியில அவரே சொல்லிடுவாரு. அதுவரைக்கும் பேச்சை நிறுத்தி வைப்போமே?"

சண்டையை ஆறப்போடத்தான் சொன்னார். ஆனால் இரண்டு அப்பாக்களும் அதைப் பந்தயமாக்கிவிட்டார்கள். தோற்றவர் ஜெயித்தவர் வீட்டு வாசலுக்கு வந்து சம்பந்தம் கேட்க வேண்டும். ஜெயித்தவர் சரி என்றால் கல்யாணம், வேண்டாம் என்றால் இல்லை. "வேண்டாம்னு சொல்றதுக்கு எனக்கு உரிமை உண்டுல்ல?" என்று இறால்காரர் தெளிவுபடுத்திக்கொண்டார். "எனக்கும் உண்டு" என்றார் அப்பா. இருவரும் கைகொடுத்துக்கொண்டார்கள். என் வாழ்க்கையை வைத்துக் கைகொடுத்துக்கொள்ளும்போது என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அம்மாவைக் கேட்கலாம் என்றால், வழக்கம்போல் சிக்னல் போய்விட்டது.

அந்த வாரம் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. கட்டிங் பிரிவு முழுக்க அப்பாவின் கட்சி. ஆளாளுக்கு வந்து, "கவலைப்படாதம்மா, நாமதான் ஜெயிப்போம்" என்று எனக்குத் தைரியம் சொன்னார்கள். ஜெயித்தால் என்ன ஆகும்? அப்பா வேண்டாம் என்பார். தோற்றால்? இறால்காரர் வேண்டாம் என்பார். இரண்டில் எது நடந்தாலும் நான் நடுத்தெருவில். இது ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. எரிச்சலில் அன்றைக்கு நல்ல காலருக்கெல்லாம் சிவப்பு அம்பு ஒட்டினேன்.

லோடு ஏற்றுகிற இடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டேன். "உங்க வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல? இப்ப யார் ஜெயிச்சாலும் நமக்குத்தான் நட்டம்."

"ரெண்டு பேரும் ஜெயிக்கலைன்னா?" என்றார்.

"அது எப்படி?"

"நாளெல்லாம் லாரியில எனக்கு ரேடியோதான் துணை" என்று மட்டும் சொல்லிவிட்டு, பெட்டிக் கதவைச் சாத்தி சீல் வைத்தார். சில ஆண்களுக்குப் பூடகமாகப் பேசினால் அழகாக இருப்பதாக நினைப்பு. எனக்கு அறைய வேண்டும் போலிருந்தது. அழுகையும் வந்தது.

சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பந்தயம் என்னன்னு இன்னொரு தடவை சொல்லு" என்றாள். சொன்னேன். "வெளிநாட்டுப் பணம் யாரால அதிகமா வருதோ, அவங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். பெற்ற மகள் அழுதுகொண்டிருக்கும்போது சிரிக்கிறாளே என்று போனை வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. யார் வீட்டில் டிவி பார்ப்பது என்று அடுத்த தகராறு. ஒருவர் வீட்டுப் படியை இன்னொருவர் மிதிக்க மாட்டாராம். கடைசியில் மாப்பிள்ளைதான் நடுநிலையான இடம் பிடித்தார்: லாரி எடை போடும் நிலையத்தின் அறை. சட்டையும் அங்கேதான் எடை போடப்படுகிறது, இறாலும் அங்கேதான். எடைக்காரர் இரண்டு பக்கமும் சாயாதவர் என்று பேர் எடுத்தவர். ஒரு மேசை, ஒரு பெஞ்சு, சுவரில் சின்ன டிவி, ஜன்னலுக்கு வெளியே லாரி ஏறி இறங்கும் இரும்புத் தளம். லாரி ஏறும்போதெல்லாம் அறை லேசாகக் குலுங்கும்.

அப்பா பெஞ்சின் ஒரு கோடியில், இறால்காரர் மறு கோடியில். நான் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டுக் கையில் பிடித்துக்கொண்டேன். அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

மந்திரி வந்தார். நாட்டின் வளர்ச்சி, தலைவரின் தொலைநோக்கு, முந்தைய ஆட்சியின் அலட்சியம் என்று எல்லோருடைய பொறுமையையும் சோதித்துவிட்டு, நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தருவோரின் பட்டியலுக்கு வந்தார். அதையும் கடைசியிலிருந்து படித்தார். வாசனைப் பொருட்கள். தோல். ரப்பர். ஒவ்வொன்றுக்கும் இரண்டு அப்பாக்களும், நம் பெயர் இல்லை என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். தேயிலை வந்தது. எடைக்காரருக்கு முகம் வாடிவிட்டது, அவர் மச்சான் தேயிலையில் இருக்கிறாராம்.

"மூன்றாம் இடத்தில் இறால் உள்ளிட்ட கடல் உணவு" என்றார் மந்திரி.

அப்பா பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தார். பெஞ்சின் மறு கோடி தாழ்ந்து இறால்காரர் கீழே விழப் பார்த்தார், மாப்பிள்ளை பிடித்துக்கொண்டார். இறால்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"இரண்டாம் இடத்தில் ஆயத்த ஆடைகள்."

அப்பா எழுந்த கோலத்திலேயே நின்றார். இறால்காரர் முகம் மெல்ல மலர்ந்தது.

"இந்த ஆண்டும் முதலிடத்தில்," என்று மந்திரி குரலை உயர்த்தினார், "வெளிநாடுகளில் உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் நம் சகோதர சகோதரிகள்!"

ஒரு லாரி தளத்தில் ஏறியது. அறை குலுங்கி நின்றது. ரேடியோ கேட்கிற மனுஷன் என் பக்கம் திரும்பவே இல்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

"இது செல்லாது" என்றார் அப்பா.

"செல்லவே செல்லாது" என்றார் இறால்காரர். இருவரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. "ஆளுங்களை எப்படி சார் இதுல சேர்க்கலாம்? எடை போட்டோமா, பெட்டியில அடைச்சோமா, சீல் வெச்சோமா?"

"அதானே! சரக்குன்னா ஒரு தரப் பரிசோதனை வேணாமா?" என்று அப்பா பெஞ்சில் அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டார்.

"ஏங்க" என்றாள் அம்மா.

என் கையிலிருந்துதான் குரல் வந்தது. போனை அவர்கள் பக்கம் திருப்பிப் பிடித்தேன். அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நேராகப் பார்த்தாள்.

"எடை போட்டாங்க. உயரம் அளந்தாங்க. ரத்தம் எடுத்தாங்க, நெஞ்சைப் படம் புடிச்சாங்க, பல்லைக்கூட எண்ணினாங்க. ரெண்டு பேரை நெஞ்சுல ஏதோ கறை இருக்குன்னு திருப்பி அனுப்பினாங்க. நான் பாஸாகித்தான் வந்தேன். அண்ணா, உங்க இறாலுக்கு இவ்வளவு சோதனை உண்டா?"

இறால்காரர் தொழில் விஷயத்தில் பொய் சொல்லாதவர். "எடை உண்டும்மா. மருந்துச் சோதனை உண்டு" என்றார். கொஞ்சம் யோசித்து, "பல்லு கிடையாது" என்றார்.

"இப்ப நான் தேய்க்கிற சட்டை யாருதுன்னு நினைக்கிறீங்க? காலர்ல நம்ம ஊர்ப் பேருதான் போட்டிருக்கு. ராத்திரி இங்க விருந்து. ஃப்ரிட்ஜ்ல இருக்கிறது உங்க இறாலு அண்ணா, பெட்டியில எழுதியிருக்கு. நீங்க ரெண்டு பேரும் அனுப்பிட்டுப் பெருமை பேசுறீங்க. இங்க அதைத் தேய்க்கிறதும் உரிக்கிறதும் யாரு?"

எங்கள் வீட்டு வாடகை, நாங்கள் உட்காரும் நாற்காலி, இந்தப் போன், எல்லாமே அவள் அனுப்பிய பணம் என்பது அப்பாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் அதைச் சட்டையோடு சேர்த்து எண்ண வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் அவருக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

"பந்தயப்படி தோத்தவங்க ஜெயிச்சவங்க வாசலுக்கு வந்து கேக்கணும்" என்று அம்மா தொடர்ந்தாள். "எனக்கு இங்க வாசல் கிடையாது. வாஷிங் மெஷின் பக்கத்துல ஒரு கட்டில்தான். அதனால அங்கேர்ந்தே கேளுங்க."

இறால்காரர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "என் பையனுக்கு உங்க பொண்ணைக் கொடுக்கணும்மா" என்றார். அப்பாவும் எழுந்துவிட்டார். தன் மகளைத் தானே எப்படிக் கேட்பது என்று தெரியாமல், "நானும் அதையேதான் சொல்றேன்" என்றார்.

"வேணாம்னு சொல்ல எனக்கு உரிமை உண்டுல்ல?" என்றாள் அம்மா.

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"தம்பியை ஒண்ணு கேக்கணும். டிரைவருங்களுக்கு இங்க நல்ல சம்பளம்னு சொல்றாங்க. உங்களுக்கு இந்தப் பக்கம் வர்ற எண்ணம் இருக்கா?"

"இல்லாம என்ன!" என்று அப்பா முந்திக்கொண்டார். "முதலிடத்துல இருக்கிற துறையாச்சே!"

"தாராளமா வருவான். லைசென்ஸ் எல்லாம் பக்காவா இருக்கு" என்றார் இறால்காரர். இரண்டு பேரும் ஒரு நிமிஷத்தில் கட்சி மாறிவிட்டார்கள்.

மாப்பிள்ளை போனுக்கு முன்னால் வந்து நின்றார். "நான் பாஸ்போர்ட்டே எடுக்கல அத்தை. எடுக்கவும் போறதில்ல. துறைமுகத்து கேட் வரைக்கும்தான் எனக்கு வேலை. பெட்டியை இறக்கிட்டு வீட்டுக்குத் திரும்பிடுவேன்."

திரையில் அம்மாவின் முகம் அப்படியே நின்றது. சிக்னல் போய்விட்டது என்றே நினைத்தேன். அவள் இமைத்ததைப் பார்த்துத்தான் போகவில்லை என்று தெரிந்தது.

"அப்ப எனக்குச் சம்மதம்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எடைக்காரர், அவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, மூக்கை உறிஞ்சினார்.

"சம்பந்தியம்மா," என்றார் இறால்காரர், "நாள் நீங்க சொல்லுங்க. உங்களை விட்டுட்டு நாங்க எதுவும் வெச்சுக்க மாட்டோம்."

"எனக்கு லீவு எப்ப கிடைக்குதோ அப்பதான்" என்றாள் அம்மா. "இருங்க, மேடம் மேலதான் இருக்காங்க. ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுறேன்."

போனை இஸ்திரி மேசை மேலேயே வைத்துவிட்டுப் போனாள். திரையில் பாதி தேய்த்த சட்டை ஒன்றுதான் தெரிந்தது. டிவியில் மந்திரி இன்னும் அவளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார், எடைக்காரர் அதை அணைத்தார். அவள் படியேறிப்போய் லீவு கேட்டுவிட்டு வரும்வரை அந்த அறையில் ஒருவரும் உட்காரவில்லை.